சுட்டிக்குதிரை தின்ற பொங்கல்

அன்று லாயத்துக்கு முன்னால் இருந்தவர்கள் இவர்கள். குதிரைக்காரன் நான். யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஐயா, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், முழங்கால் வரைக்கும் சேறு. லாடம் அடிக்கிற பாய், சுத்தியலைக் கீழே வைக்க மறந்து நின்றார். காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற ஒரு பெண், இடுப்பில் வெறும் பானை. மாட்டு டாக்டர் துரை, தோளில் துப்பாக்கி. நடுவில் சுட்டி.

சுட்டி பெண் குதிரை. சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து பந்தயத்துக்காகக் கப்பலில் வந்தது. பந்தயத்தில் ஓடவில்லை. மலிவாகப் போனதால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாங்கினார்கள். ஓடாத குதிரை என்றார்கள். நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அது நடந்தது. கிள்ளானிலிருந்து காப்பார் பக்கம் ஐந்து தோட்டம். கடைசித் தோட்டம் எட்டு மைல். மழைக்காலத்தில் மாட்டுவண்டி அச்சு வரைக்கும் புதையும் பாதை. மருந்துப் பெட்டியையும் டிரஸ்ஸரையும் சுமந்து கொண்டு வாரத்தில் ஆறு நாள் போய் வந்தது.

ஏறுகிறவருக்கும் நான்தான் ஆள். டிரஸ்ஸர் வந்த புதிதில் அவருக்குக் குதிரை ஏறத் தெரியாது.

"ஐயா, நீங்க குதிரை மேல உக்காரலை. மூட்டை மாதிரி கெடக்கிறீங்க."

"நான் ஏறினா அது போகுது. இறங்கினா நிக்குது. வேற என்ன வேணுமாம்?"

"அதுக்கு முதுகு வேணும்."

ஒரு வாரத்தில் அவருக்குத் தொடை உரிந்துவிட்டது. ஐந்து தோட்டத்துப் புண்ணுக்கும் மருந்து போடுகிறவர். அவர் தொடைக்கு நான் தேங்காய் எண்ணெய் தடவிப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டேன். கால் வைக்கிற அங்கவடியை இரண்டு துளை உயர்த்தினேன். பையில் சாவிக்கொத்து வைக்கக் கூடாது என்றேன். திரும்பி வரும்போது கடைசி ஒரு மைல் இறங்கி, சேணத்து வாரைத் தளர்த்தி, கூட நடந்து வர வேண்டும் என்றேன். குதிரை ஆறி வந்து சேரும். படித்தவர். ஆனாலும் கேட்டார். கொட்டுகிற மழையிலும் கடைசி மைல் நடந்துதான் வந்தார். ஆறு வருஷம். சுட்டி முதுகில் சேணப்புண் ஒன்று கூட வந்தது கிடையாது.

தண்ணீர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வேர்த்து வந்த குதிரைக்கு வாளியை அப்படியே கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு மடக்கு. வாளியை எடுத்துவிட்டு நடத்த வேண்டும். மறுபடி பன்னிரண்டு. தொண்டையைப் பார்த்து எண்ண வேண்டாம், காதைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு மடக்குக்கும் காது ஒரு தடவை ஆடும். நன்றாக இருக்கிற சுட்டி, காலையில் ஒரே மூச்சில் அறுபதுக்கு மேல் குடிக்கும். அறுபதுக்குக் குறைந்தால் நான் வாயைத் திறந்து பார்ப்பேன், வயிற்றில் காது வைப்பேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். எண்ண வரும். பிறகு பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்தபோது எத்தனையோ வண்டிக்குதிரைகளைப் பார்த்தேன். அவற்றுக்கும் இதே எண்ணிக்கைதான்.

அன்று மாட்டுப் பொங்கல். டிரஸ்ஸருக்கு விடுமுறை இல்லை, காய்ச்சல் விடுமுறை எடுக்காது. நான் விடியற்காலை சுட்டியைக் குளிப்பாட்டினேன். நெற்றியில் மஞ்சள் தடவிச் சுட்டிக்குக் கீழே குங்குமம் வைத்தேன். கழுத்துக்குச் செம்பருத்தி மாலை. கொம்பு கிடையாது, அதனால் நாலு குளம்புக்கும் காவி பூசினேன். உழைக்கிற ஜீவன்தானே. ஊரில் மாட்டுக்குச் செய்வதை இதற்குச் செய்தேன். செய்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பாய் அந்த வழியாக வந்தார்.

"என்னா மாப்ளே, பொண்ணை எங்க அனுப்புற?"

"வேலைக்குத்தான் பாய்."

"நான் அடிச்ச லாடத்துக்கு மேல காவியா? இனி கழட்டும்போது என் கையெல்லாம் பொங்கல்தான்."

டிரஸ்ஸர் ஏறிப் போனார். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பதினோரு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சேணம் குதிரை மேல் இல்லை. டிரஸ்ஸர் அதைத் தன் தலையில் வைத்திருந்தார். பின்னால் ஒரு பெண், தலையில் மருந்துப் பெட்டி, இடுப்பில் பானை. சுட்டி தலையைத் தொங்கப்போட்டு வந்தது. நாலடி வைக்கும், நிற்கும், தன் விலாவைத் திரும்பிப் பார்க்கும். மேல் உதடு சுருண்டிருந்தது. மாலை மட்டும் கழுத்தில் அப்படியே இருந்தது.

"என்ன தின்னுச்சு?" என்றேன்.

"பொங்கல்" என்றார் டிரஸ்ஸர். "என்ர பிழைதான். ஒரு பிடி எண்டு நினைச்சன். சனம் சிரிச்சுக்கொண்டு குடுக்குது. மருந்து குடுத்துப்போட்டுத் திரும்பிப் பார்த்தா, பானை வெறுமை."

"எவ்வளவு தூரம் நடந்தீங்க?"

"ஏழு மைல்."

அந்தப் பெண் பெட்டியை இறக்கி வைத்தாள்.

"நாந்தான் போட்டேன். என் புள்ளைக்குக் காய்ச்ச வந்தப்ப இது தண்ணியில நீந்தி மருந்து கொண்டாந்துச்சு. டிரஸ்ஸர் ஐயாவுக்குக் கும்பிடு போட்டேன். குதிரைக்கு என்ன போடுறது?"

"குதிரைக்குச் சோறு போடுவாங்களா, தாயி?"

"மாட்டுக்குப் போடுறதத்தானே போட்டேன். மஞ்ச, குங்குமம் வச்சு, காலுக்குக் காவி பூசி அனுப்பினது யாரு? போடச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சோம்."

மாலையை அறுத்தேன்.

மாடு அசை போடும், ஏப்பம் விடும். குதிரைக்கு இரண்டும் கிடையாது. வாந்தியும் வராது. உள்ளே போனது லத்தியாகப் பின்வழியாகத்தான் போக வேண்டும். போகாவிட்டால் வயிறு முறுக்கிக்கொள்ளும். வலியில் உருளும். உருண்டால் முடிந்தது.

டிரஸ்ஸர் மாட்டு டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அவர் வெள்ளைக்காரத் துரை, துறைமுகத்தில் கப்பலில் இறங்கும் இந்திய மாடுகளைப் பார்க்கிறவர். இரண்டு மணிக்கு வந்தார். நான் தலையைத் தூக்கிப் பிடித்தேன், அவர் மூங்கில் குழாயால் எண்ணெய் ஊற்றினார். பிறகு விலாவில் காதை வைத்தார். நானும் வைத்தேன். குதிரை வயிறு எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அன்று ஒன்றுமே கேட்கவில்லை.

துரைக்கு வண்டிக்காரர்களிடம் பேசிப் பழகிய தமிழ்.

"அஞ்சு மணி" என்றார். "லத்தி வரலே, அஞ்சு மணிக்கு நான் சுடும். வலி வேண்டாம்."

கெட்ட மனிதர் இல்லை. கைக்கடிகாரம் இல்லாத காலம், சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திறந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து கடிகாரத்தை மடியில் வைத்தார். துப்பாக்கி முழங்காலில்.

நான் நடத்த ஆரம்பித்தேன். லாயத்தைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, மறுபடி லாயம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்துவேன். பாய் ஒரு பக்கம் வைக்கோலை முறுக்கி வயிற்றைத் தேய்ப்பார். மறுபக்கம் அந்தப் பெண்.

"பின்னாடி நிக்காதே தாயி. ஒதைக்கும்."

"ஒதைக்கட்டும். நான் போட்டதுதானே உள்ள கெடக்கு."

தேய்த்தாள். மரம் சீவுகிற கை, பலமான கை. நான் விலாவில் காது வைப்பேன்.

"ஆச்சா?" என்பார் துரை.

"இல்லை துரை."

மூன்று மணிக்கு முன்னங்கால் மடிந்தது. படுக்கப் பார்த்தது. என் தோளை அதன் கழுத்துக்கு அடியில் கொடுத்தேன். டிரஸ்ஸர் பின்னால் தட்டினார். எழுந்தது. இன்னொரு தடவையும் மடிந்தது. அப்போதும் தூக்கினோம். என் சட்டை அதன் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

"நான் கொஞ்சம் பிடிக்கட்டே?" என்றார் டிரஸ்ஸர்.

"நீங்க ஏழு மைல் நடந்தாச்சு ஐயா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் நடந்தார். கடைசி மைலில் நடக்கிற மாதிரியே, குதிரையின் இடது தோளுக்குப் பக்கத்தில்.

"மாப்ளே, நாலரை" என்றார் பாய்.

"தெரியும்."

"மாட்டுப் பொங்கலுக்குக் குதிரைக்குப் பொங்கல் போட்ட ஊரு, உலகத்துல இது ஒண்ணுதான்."

"வாயால தேய்க்காதீங்க பாய். கையால தேய்ங்க."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியாது.

நாலே முக்காலுக்குத் துரை எழுந்தார். துப்பாக்கியில் தோட்டா போட்டார். இரண்டு. அந்தச் சத்தத்துக்குச் சுட்டி காதைத் திருப்பியது. திரும்பி வந்ததிலிருந்து அது காதைத் திருப்பியது அதுதான் முதல் தடவை. நான் நிறுத்தி விலாவில் காது வைத்தேன்.

கேட்டது. மரப்பாலத்தில் மாட்டுவண்டி ஏறுகிற மாதிரி, எங்கேயோ ஆழத்தில். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி.

"துரை. காதை வச்சுப் பாருங்க."

வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு ஆகிவிட்டது. அவர் கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார்.

"நட" என்றார்.

நடந்தேன். இரண்டு சுற்று. கிணற்றடியில் சுட்டி நின்றது. வாலைத் தூக்கியது.

பாய்தான் முதலில் பேசினார். "அல்லா. லத்தியைப் பார்த்துச் சந்தோஷப்படுற நெலமைக்கு வந்துட்டேன்."

அந்தப் பெண் கீழே உட்கார்ந்துவிட்டாள். டிரஸ்ஸர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். துரை தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டிரஸ்ஸரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"உன்னைப்போல ஒருத்தன் துறைமுகத்தில இருந்தா, தன்ர மாட்டில பாதி பிழைச்சிருக்குமாம்."

"நல்ல குதிரை, அதான்" என்றேன்.

மூன்று மணி நேரம். நடத்த ஆரம்பிக்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை.

அன்று மாலை வெதுவெதுப்பான தண்ணீர் பன்னிரண்டு மடக்குதான் கொடுத்தேன். வாளியை எடுத்தபோது சுட்டி காலால் தரையைத் தட்டியது. இன்னும் வேண்டும் என்று கேட்டது. கொடுக்கவில்லை.

மறுநாள் காலை யாரையும் நான் கூப்பிடவில்லை. ஆனால் லாயத்து முன்னால் எல்லோரும் இருந்தார்கள். இரவு ஆஸ்பத்திரிப் பொம்பளை வார்டு வராந்தாவில் படுத்திருந்த அந்தப் பெண், முகம் கழுவி வந்து நின்றாள். பாய்க்கு அன்று லாடம் அடிக்கிற வேலையே கிடையாது. டிரஸ்ஸர் செருப்போடு வந்தார். துரை துறைமுகத்துக்குப் போகிற வழியில் நின்றார், துப்பாக்கி இல்லாமல். சுட்டி குளம்பில் காவி பாதி அழிந்திருந்தது. மீதியை நான் கழுவவில்லை.

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து வாளியை வைத்தேன். சுட்டி முகர்ந்தது. வாயை வைத்தது. காது ஆடியது. நான் எண்ணினேன்.

அறுபத்து நான்கு.