தூ மாமாவும் ஆறு கோப்பைப் பாலும்

என் வீட்டுக்காரர் துப்புவதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பால் பண்ணையில் அவருக்கு ருசி பார்க்கிற வேலை. காலையில் வந்து இறங்கும் ஒவ்வொரு கேனையும் திறந்து முகர்வார். கரண்டியில் ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டுவார். சாக்கடைப் பக்கம் துப்பி, வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த கேனுக்குப் போவார். ஒரு சொட்டு விழுங்க மாட்டார்.

அது பண்ணையோடு நின்றால் தேவலை. வீட்டிலும் அதே கூத்து. நான் சமைத்ததில் முதல் வாயைக் கடைவாயில் ஒதுக்கி, உஸ்ஸென்று காற்றை இழுத்து, எழுந்துபோய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்துதான் சாப்பிடவே ஆரம்பிப்பார். கேட்டால், “பழக்கம்டி, வாய் தானா பண்ணுது” என்பார். கல்யாணமான புதிதில் அழுதேன். அப்புறம் குமட்டியது. இன்றைக்கும் குமட்டுகிறது. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் தூ மாமா. கூப்பிட்டால் வெட்கமில்லாமல் சிரிப்பார்.

இந்த வருஷம் நகராட்சி மண்டபத்தில் உணவையும் ருசியையும் பற்றி ஓர் அறிவியல் விழா நடத்தினார்கள். ஆறு கோப்பைப் பாலில் ஒன்று மட்டும் கெட்டது, அதை மேடையில் கண்டுபிடிக்க வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். பால்காரர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து இவர் திருப்பி அனுப்பும் கேனை ஒருத்தரும் வாயை மூடிக்கொண்டு எடுத்துப்போக மாட்டார்கள்.

எனக்கோ வேறு கவலை. “அக்கா வீட்டுல எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாடி துப்பி என் மானத்த வாங்காதீங்க.”

“துப்பாம எப்படிடி?”

“ஊரே முழுங்கலையா? நீங்களும் முழுங்குங்க.”

சரியென்று தலையாட்டினார். அதோடு விட்டேனா? மேடையில் எச்சில் வாளி வைக்க வேண்டாம் என்று விழாக்காரர்களிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மண்டபம் இருந்த லட்சணத்தைக் கேளுங்கள். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் நாக்கு, மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக. அடுத்த மேசையில், யார் நாக்குக்குக் கசப்பு தெரிகிறது என்று சோதிக்கிற காகிதம். அதை ஆளாளுக்கு நக்கிவிட்டு ஒரே கூடையில் போட்டார்கள். இன்னொரு மேசையில் வண்டை அரைத்துச் செய்த பிஸ்கட். என் அக்கா வீட்டுக்காரர் இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினார். இவர்கள் முன்னால்தான் எனக்கு மானம் போய்விடுமாம்!

மைக் பிடித்த டீச்சர் இவரை மேடைக்கு அழைத்தார். இவர் முதல் கோப்பையை முகர்ந்தார், ஒரு வாய் எடுத்து உருட்டினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் முகம் வெளுத்தது. விழுங்க விழுங்கப் பாலின் கொழுப்பு நாக்கில் படிந்துகொள்ளும், அப்புறம் எல்லாம் ஒரே ருசியாகத்தான் தெரியும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கியிருந்தால்தானே!

நான்காவது வாய் உள்ளே போகவில்லை. கன்னம் உப்பியபடி நின்றார்.

“சார், நேரமாகுது” என்றார் டீச்சர்.

“பெரிய நாக்குன்னாங்க, வாயே தொறக்கக் காணோமே” என்று பின்னாலிருந்து ஒரு பால்காரர் சொல்ல, அந்த வரிசையே சிரித்தது.

இவர் என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. நான் கேட்டுக்கொண்டதற்காக அந்த மனிதர் அங்கேயே மூச்சு முட்டி நின்றாலும் நிற்பாரே தவிர துப்ப மாட்டார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது. பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, உள்ளிருந்த ரொட்டியை அக்கா மடியில் கொட்டிவிட்டு மேடை ஏறினேன்.

“துப்புங்க.”

மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“அட துப்புங்க மனுஷா, நான்தானே சொல்றேன்!”

துப்பினார். அந்தச் சத்தம் மைக்கில் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ ‘ச்சீ’ என்றார்கள். டப்பாவின் அடியில் என் உள்ளங்கைக்குச் சூடு தட்டியது. எனக்கு வாந்தி வராததுதான் குறை. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், கொப்பளித்து அதையும் டப்பாவில்தான் உமிழ்ந்தார். பிறகு முதல் கோப்பையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஆறு தடவையும் நான் ஏந்திக்கொண்டு நின்றேன்.

“நாலாவது” என்றார். “பால் கேனை சோப்பு போட்டுக் கழுவிட்டு சரியா அலசாம விட்டிருக்காங்க.”

டீச்சர் நான்காவது கோப்பையைத் தூக்கி, கெட்ட பாலுக்கு அடையாளமாக அடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டைக் காட்டினார். முதலில் கை தட்டியது அந்தப் பால்காரர்தான். அக்கா தட்டவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

டப்பாவை மூன்று தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். ஆனாலும் அதில் சாப்பாடு வைக்க மனசு வரவில்லை. அருவருப்பு அருவருப்புதான், அது எங்கே போகும்? இப்போது அந்த டப்பா சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் வாய்க்கு அவர் எழுந்து போவதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.