நான் சொன்ன ஓர் ‘ஓம்’

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நல்லூரில் நானும் மனைவியும் ஒரு சிறிய சைவச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தோம். சமையல் என்னுடையது. அவள் காலையில் இடியப்பம் பிழிந்து கொடுத்துவிட்டுப் பின்னறையில் படம் கீறுவாள். நவீன ஓவியம். சண்டையால் கொழும்பிலிருந்து வர்ணங்கள் வருவது நின்றுபோனபோதும் அவள் நிறுத்தவில்லை. சண்டிலிப்பாயில் அவளுடைய தகப்பனாருக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. கழித்த இலைகளைக் கொண்டுவந்து அவித்து, அந்தச் சாயத்தில் விளாம்பிசின் கலந்து, வெட்டித் தைத்த மாச்சாக்குத் துணியில் பூசினாள். என்னுடைய மஞ்சளும் அடுப்புக்கரியும் அடிக்கடி காணாமல்போகும்.

அந்தப் படங்கள் எனக்கு விளங்கியதே இல்லை. ஒன்றில் முழுக்கப் பழுப்பு. அதற்குள் இன்னும் கடும் பழுப்பு.

“இது என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாருங்கோ.”

“பாக்கிறன். அதுதான் கேக்கிறன்.”

அவள் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஒரு வாய் சொதியை வைத்தே உப்பா புளியா குறை என்று நான் சொல்லிவிடுவேன். அவளுடைய படத்துக்கு முன்னால் எனக்கு ஒன்றுமே ஓடாது.

ஒருமுறை, கடையில் இரண்டு நாளைக்குத் தன் படங்களைத் தொங்கவிட வேண்டும் என்றாள். மேசைகளை வெளியே எடுத்தோம். காய்ந்தும் காயாமலும் இருந்த துணிகளை நான்தான் சுவரில் ஆணியால் அடித்தேன். கையெல்லாம் சாயம். புட்டுக் கேட்டு வந்தவர்கள் படங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அவர்கள் வெறும் வாயோடு போகக் கூடாதென்று அவள் குசினியில் தேநீர் ஊற்றினாள். எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்பதால் நான் முன்னால் நின்றேன்.

இரண்டாம் நாள் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்து அதிபர் வந்தார். வயதானவர். அந்தப் பழுப்புப் படத்துக்கு முன்னால் கனநேரம் அசையாமல் நின்றார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

“தம்பி, இதைப் பாக்க எனக்கு என்னவோ செய்யுது. நீங்களோ கீறினது?”

“ஓம்” என்று தலையை ஆட்டினேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. கேள்வி சரியாகத்தான் காதில் விழுந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு அவள் நின்றாள். கேட்டிருப்பாள். அவரிடம் கோப்பையைக் கொடுத்து, “சீனி காணுமோ சேர்?” என்றாள்.

படத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் மாட்டத் தரமுடியுமா என்று அவர் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். “கொண்டுபோகட்டும்” என்றாள்.

அன்று பின்னேரம் மற்றப் படங்களைக் கழற்றும்போது அவள் ஆணிகளை எண்ணி வாங்கினாள். அடுத்த நாள் வழமைபோல இடியப்பம் பிழிந்தாள். சாப்பிட வந்த ஒருவர், “அண்ணை, நீங்கள் பெரிய ஓவியரெண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு” என்றார். நான் சம்பலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

நான்காம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மண்டபத்தில் படம் தொங்கியது. அதன் கீழே ஒரு மட்டையில் அழகான எழுத்தில் என் பெயர். அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்டைக்கு உங்கடை மனுசியும் பக்கத்திலைதானே நிண்டவ. அவ ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

அவர் மட்டையைக் கழற்றி, “அவவைக் கேட்டுக்கொண்டு வாங்கோ” என்றார்.

திரும்பி வந்தபோது அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீர் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் ஓமெண்டு சொல்லேக்கை உங்கடை முகத்தைப் பாத்தன். உங்கடை சமையலை ஆரும் அப்பிடி நிண்டு பாத்ததில்லை.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்டுமில்லை.” பாதித் தேங்காய் முடிந்த பிறகு சொன்னாள்: “ஆனால் எனக்குக் கோவம். இப்பவும் இருக்கு.”

அவளுக்கு என்மேல் இரக்கமும் இருந்தது, கோபமும் இருந்தது. கடைசியில், “மட்டையிலை என்ன எழுதச் சொல்ல?” என்றுதான் கேட்க வந்தது.

“என்ரை பேரை. வேறை என்னத்தை?”

அடுத்த நாள் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். தன் கையாலேயே பெயரை எழுதினாள். அதிபர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டிருக்க வேண்டியவன் நான். அவர் முந்திக்கொண்டதும் நான் சைக்கிளை எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து கேட்டாள்.

“அந்த மனுசன் அவ்வளவு நேரம் நிண்டாரே, அவருக்கு அதிலை என்ன தெரிஞ்சதெண்டு கேட்டனீங்களோ?”

“இல்லை. நீர் கேட்டனீரோ?”

“நானும் கேக்கேல்லை.”

கடை வாசலில் இரண்டு பேர் சாப்பாட்டுக்குக் காத்து நின்றார்கள். அவள் இறங்கிக் கதவைத் திறந்தாள். நான் அடுப்பை மூட்டப் போனேன்.