படி இறங்கிய ஆமை

எங்கள் மாமாவுக்குக் காரைக்கால் கோர்ட்டில் அமீனா வேலை. ஜப்தி உத்தரவோடு போய் அடுத்தவர் வாசலில் நிற்பதுதான் உத்தியோகம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே, அதில் பாதி தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இந்த வீட்டுக்குள் வருகிறது என்று அம்மா தன் அண்ணனைக் கேலி செய்வாள். மாமாவும் சிரிப்பார்.

சேலத்துப் பிள்ளையான எனக்குக் கோடை விடுமுறை என்றால் மாமா வீடு, மாமா வீடு என்றால் கடல். என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவது சித்தியின் பொறுப்பு. அம்மாவின் தங்கையான அவள் அந்த வருடம் பி.எட். படிக்க விண்ணப்பித்திருந்தாள். மாமாவோ நெரவியில் வரன் பார்த்திருந்தார். நிலம் நீச்சு உள்ள குடும்பம். சீர்கூட வேண்டாம், பெண் மேலே படிக்க மட்டும் கூடாது என்றார்கள். இவ்வளவு நல்ல இடத்தை இதற்காகவா விடுவது என்பது மாமாவின் கட்சி. சித்தி வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்க வரும் நாளன்று, விடியும் முன்பே சித்தி என்னை எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மணலில் புதைத்துப் பாதுகாத்த முட்டைகளிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சுகளை வனத்துறைக்காரர்கள் கடலில் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கூடையைச் சாய்த்ததும், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய கறுப்புக் குஞ்சுகள் மணலைத் தள்ளித் தள்ளி அலையை நோக்கிக் கிளம்பின. அலை பின்னால் உருட்டிவிடும், மல்லாந்து கிடந்து புரளும், மறுபடியும் கிளம்பும். செல்போனை நீட்டிக்கொண்டு முண்டியடித்தவர்களைக் காவலர் ஒருவர் அதட்டினார்.

"லைட்ட அமத்துங்க. வெளிச்சம் எங்க தெரியுதோ அங்கதான் போவும், பாவம்."

அப்படித்தான் ஒன்று, ரோட்டு விளக்கைப் பார்த்துத் திரும்பி என் காலடிக்கு வந்தது. அதை என் மணல் வாளிக்குள் ஈர மணலோடு போட்டுத் துண்டால் மூடினேன். அதைக் காப்பாற்றுவதாக என் நினைப்பு. சித்தி கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கவனிக்கவில்லை என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வாளியை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். காக்கைக்குப் பயந்து பலகை போட்டு மூடி, மேலே ஒரு செங்கல்லையும் ஏற்றினேன்.

சாயங்காலம் நெரவிக்காரர்கள் வந்தார்கள். இதற்காகவே கூடத்தில் மாமா புது விளக்கு மாட்டியிருந்தார், பகல் மாதிரி எரிந்தது. மாடியறையிலிருந்து சித்தி சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். காப்பி கொடுத்தாள், விழுந்து கும்பிட்டாள், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பஜ்ஜி இரண்டாவது சுற்று வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். படிக்கட்டின் அடியிலிருந்து, தரையில் வழுக்கி வழுக்கி, விளக்கைப் பார்த்து என் குஞ்சு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஆமை," என்றேன் நான், உதவியாக.

அந்த அம்மா மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "அமீனா வூடுன்னு தெரிஞ்சுதாங்க வந்தோம். அதப் பெரிசா எடுத்துக்கல. ஆமையுமாங்க?"

ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பாதிக் காப்பியிலேயே எழுந்துவிட்டார்கள்.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறையை அம்மா முதுகில் தீர்த்துவைத்தாள். அடியைவிட, சித்தியின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தனை துக்கத்தை அந்த வயது அதுவரை பார்த்ததில்லை.

இருட்டுவதற்குள் சித்தி என்னையும் வாளியையும் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் விசும்பிக்கொண்டே வந்த நான் மணலில் கால் வைத்ததும் கேட்டுவிட்டேன்.

"சித்தி, இனிமே ஒனக்குக் கல்யாணமே ஆவாதா?"

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நானும் சேர்ந்து அழுதேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை.

குஞ்சை ஈர மணலில் விட்டோம். அலை இரண்டு தடவை அதைத் திருப்பி அனுப்பியது. அடுத்த அலை வடிந்தபோது அது அங்கே இல்லை.

"இத்துனூண்டு. யாரையும் கேக்காம போயிடுச்சு பாருடி," என்றாள் சித்தி. வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். குற்றவாளிக்கு எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. ஐஸ்கிரீம் விஷயத்தில் அப்படியெல்லாம் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் காலையில் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். சுவரோரமாகச் செங்கல் இருந்தது. பலகை அதன்மேல் சாய்ந்திருந்தது.

நெரவியிலிருந்து பதில் வரவேயில்லை. சித்தி பி.எட். சேர்ந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஆமைக்கு மாடிப்படி இறங்கத் தெரியும் என்று வகுப்பில் எழுந்து சொன்னேன். டீச்சர் சிரித்தார். குஞ்சு ஆமையால் வாளியைவிட்டே வெளியே வர முடியாது என்றார். நான் விடவில்லை. செங்கல்லை இறக்கி வைக்கும், பலகையை எடுத்து ஓரமாகச் சாய்க்கும், அப்புறம் படி இறங்கி நேராகக் கூடத்துக்கு வரும், எங்கள் மாமா வீட்டில் நானே பார்த்தேன் என்று மணி அடிக்கும்வரை சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.