மோரக் அம்மா சொன்ன 'அஹத்'

விடுதிச் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் காவலிருக்கும் தர்வான் மாணிக்கம் வந்து, "அக்கா, ஆஸ்பத்திரியில அம்மா போயிட்டாங்களாம்" என்றான். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. அரிசியை இன்னொரு தண்ணீரில் களைந்து உலையில் போட்டேன். பெண்கள் சாப்பிட்டுவிட்டு காலேஜுக்குப் போக வேண்டுமே.

எங்கள் யூனிவர்சிட்டிப் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்ட மோரக் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். துரைசாணிதான், ஆனால் இங்கிலீஷ் அவர் தாய்பாஷை இல்லை. ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில் மீன்பிடிக்கிற குடும்பம். அவர்கள் பேசுவது கேலிக். வந்த புதிதில், சாப்பாட்டு மேசையில் ஏதோ ஞாபகத்தில், "அரன்" என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிவனைக் கூப்பிடுகிற வெள்ளைக்காரியை அன்றுதான் பார்த்தேன். பிறகு தெரிந்தது, அவர் பாஷையில் அரன் என்றால் ரொட்டியாம். "உங்க துரைசாணி ரொட்டி கேட்டா விபூதியக் குடுத்துராதீங்கக்கா" என்று மாணிக்கம் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதை மறந்துவிட்டேன் என்று அவன் நினைக்கிறான். அம்மாவும் நானும் அதிலிருந்துதான் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தோம்.

சனிக்கிழமைகளில் ஒரு புரொபசர் துரை விடுதி முன்கூடத்தில் கேலிக் வகுப்பு வைத்தார். புத்தகத்தில் கற்றவர். சில துரைமார்களும் இரண்டு பர்மியப் பெண்களும் வந்தார்கள். கப்பலேறி வந்தபின் தன் பாஷையை வாய்விட்டுப் பேச அம்மாவுக்கு வாய்த்த இடம் அது ஒன்றுதான். நல்ல கவுனாகப் போட்டுக்கொண்டு போனார். அன்றைய பாடம், அப்பா என்கிற சொல். புத்தகத்தில் அது 'அஹர்'. அம்மா தன் தீவு வழக்கப்படி 'அஹத்' என்றார். அது மீன்காரி பேச்சு, இங்கே வேண்டாம் என்று துரை எல்லார் முன்னாலும் சொன்னார். டீத் தட்டோடு நான் அங்கேதான் நின்றேன்.

அதோடு அம்மா வகுப்புக்குப் போகவில்லை. சனிக்கிழமை வந்தால் சமையற்கட்டு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். "எங்கப்பா மீன்காரர்தான், ராக்காயி. அவரை வேற எப்படிக் கூப்பிடறது?" என்று ஒரு முறை கேட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பர்மியப் பெண்கள் இரண்டு பேரும், அம்மா வந்தால்தான் வருவோம் என்று துரையிடம் சொல்லிவிட்டார்கள். துரை சமையற்கட்டு வாசல்வரை வந்து கூப்பிட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. போகாதீர்கள் என்றேன். அம்மா கைகழுவிக்கொண்டே, "அந்தப் பிள்ளைங்க கத்துக்க வேணாமா? கோவத்த நீ வச்சுக்க. எனக்கும் சேத்து வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சலில் படுக்கும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

கல்லறையில் துரைதான் கேலிக்கில் ஜெபம் சொன்னார். 'எங்கள் பிதாவே' ஜெபம்தான், தொடக்கத்திலேயே அப்பா என்கிற அந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். காதைக் கொடுத்து நின்றேன். 'அஹத்' என்றார். பின்னாலேயே அந்தப் பெண்களும் 'அஹத்' என்றார்கள். துரையை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கேட்டதைச் சொல்கிறேன்.

ஏன் அழவில்லை என்று என் பேத்தி கேட்கிறாள். அம்மாவின் பாஷையில் துக்கப்படுகிறேன் என்று சொல்வதில்லை. துக்கம் என்மேல் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பசிக்கும் அப்படித்தான். "பசி என்மேல இருக்கு, ராக்காயி" என்று தமிழிலும் அப்படியே சொல்லிக்கொண்டு வருவார். அந்தப் பேச்சை நான் வைத்திருக்கிறேன். என்மேல் இன்னும் ஒன்றும் வந்து உட்காரவில்லை. வரும்போது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும்.