சாத்திரியின் குரல்

நிறைமாத வயிற்றோடு வட்டக்கச்சியிலிருந்து அக்கராயனில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக நான் மறித்த ஓட்டோவின் சாரதி வாயே திறக்கவில்லை. நரைத்த மீசை, கழுத்தில் துவாய். எதைக் கேட்டாலும் தலையாட்டினார். வீதியை மாடுகள் மறித்தபோதுதான் "அங்கால போ!" என்று அதட்டினார். அந்தக் குரலில் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

ஞாயிறுதோறும் வானொலி நாடகத்தில், வயிற்றைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லும் சாத்திரியாக வருகிறவர் அவர்!

எனக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், இரண்டும் பெண். இந்த முறையாவது ஆணா என்று மாமி கேட்காத நாளில்லை.

"அண்ணை, எனக்கு என்ன பிள்ளை எண்டு சொல்லுங்கோ."

"அது நடிப்பு, தங்கச்சி. இப்பிடிக் கேப்பினம் எண்டுதான் நான் கதைக்கிறேல்லை."

"சும்மா ஒருக்காச் சொல்லுங்கோவன்."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை துடிக்குதோ?"

யோசித்தேன். காலையில் மாமியின் பேச்சுக்கு அழுதது நினைவிருந்தது. பிள்ளை அசைந்தது நினைவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திராமல் கிளிநொச்சி ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். வழி முழுக்க "இப்ப தெரியுதோ?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். அந்தப் பெரிய குரல் நடுங்கியது.

"இல்லை அண்ணை."

அன்றே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். நல்லவேளை, அழுதாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிறு, அவளை மடியில் வைத்துக்கொண்டு நாடகம் கேட்டேன். "ஆண் பிள்ளைதான்!" என்று சாத்திரி முழங்கினார். மாமி சத்தத்தைக் கூட்டிவைத்தார். எனக்கு அந்தக் குரலில் "இப்ப தெரியுதோ?" மட்டும்தான் கேட்டது.