துணி க்ளிப்பும் அண்ணியின் இன்டர்வியூவும்

குழந்தை பிறந்ததும் மென்பொருள் வேலையை விட்டவர் என் அண்ணி. ஐந்து வருடம் கழித்து ஒரு நிறுவனம் அவரை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. "இதுவும் போச்சுன்னா இனிமே ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். எதற்கும் சிரிப்பவர், அன்று சிரிக்கவில்லை.

படித்த அடிப்படைகளெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன. தனியாக உட்கார்ந்து படிக்க நேரமேது? மகள் வாண்டுவுக்குச் சாப்பாடு ஊட்டும்போதே பாடத்தையும் சேர்த்து ஊட்டினார்.

லிங்க்டு லிஸ்ட் என்பது கணினி தகவல்களைக் கோத்துவைக்கும் ஒரு சங்கிலி. அதில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனக்கு அடுத்தது எங்கே என்பது மட்டும்தான் தெரியும். அண்ணி துணி க்ளிப்புகளை ஒன்றையொன்று கவ்வவைத்துத் தொங்கவிட்டார். "இதைத் தலைகீழா மாத்தணும். நடுவுல ஒண்ணை விட்டா?"

வாண்டு விட்டாள். கீழே இருந்ததெல்லாம் தரையில் சிதறியது.

"போச்சு!" என்று கைதட்டினாள்.

"அதான். அடுத்ததைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இதை விடணும். புரிஞ்சுதா செல்லம்?"

எங்கள் வீட்டில் பிறந்தவர்களில் முதல் பட்டதாரி நான். இதே பாடத்தைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதியது எனக்குப் புரிந்திருந்ததா? கேட்டுக்கொள்ளவே இல்லை.

தேர்வு அன்று அண்ணி படுக்கையறையில் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். வெளியே கதவில் காதை வைத்து நானும், வாண்டுவைத் தூக்கிக்கொண்டு அண்ணனும். அதே கேள்விதான் வந்தது. அண்ணியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"...அடுத்ததைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இதை விடணும். புரிஞ்சுதா செல்லம்?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! கேள்வி கேக்கிறவரைப் போய்ச் செல்லங்கிறா. கட்டின புருஷன், என்னை ஒரு நாளாவது கூப்பிட்டிருப்பாளா?"

உள்ளே மடிக்கணினியில் ஓர் ஆண் குரல் வாய்விட்டுச் சிரித்தது. "புரிஞ்சுதுங்க. சங்கிலி சுத்திவந்து தன்னையே கவ்விக்கிட்டா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அண்ணியும் சிரித்துவிட்டார். அதோடு பயமும் போயிருக்க வேண்டும். "ரெண்டு பேரை ஓட விடுவேன் சார். ஒருத்தர் மெதுவா, ஒருத்தர் வேகமா. பாதை வட்டமா இருந்தா, வேகமா ஓடுறவர் மத்தவரைப் பின்னாடி வந்து பிடிச்சிடுவார்."

மாலையில் வேலை உறுதி என்று தொலைபேசி வந்தது.

"இனிமே என்னையும் செல்லம்னு கூப்பிடு" என்றார் அண்ணன்.

"முதல்ல நீங்களும் அவரை மாதிரி நான் சொல்றதை முழுசா கேளுங்க, பார்க்கலாம்."

எனக்கும் அடுத்த வாரம் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. க்ளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு வாண்டுவின் முன் உட்கார்ந்தேன்.

"அத்தை, இது எனக்குத் தெரியும்" என்றாள். "வேற சொல்லு."