ஸ்பேனர் பார்க்கப் போனோம்

“நடுவழியில நட்டு கழண்டா என்ன பண்ணுவே? அதுக்கு உக்காந்து பாடம் நடத்துவியா?” என்று சித்தப்பா கேட்டார்.

ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த முதல் வருஷம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. புத்தூரிலிருந்த என் சிநேகிதி ஒருத்தியும் நானும் கோடை விடுமுறையில் வையம்பட்டியிலிருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குச் சைக்கிளிலேயே போய்வருவதென்று முடிவு செய்திருந்தோம்.

மண்ணச்சநல்லூர் மில்களிலிருந்து அரிசி மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிகள் வைத்திருந்த அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ரிப்பேர்னு எவன் கிட்டயும் போய் நிக்கக் கூடாது. பின் சக்கரத்த நீயே கழட்டி நீயே மாட்டிக் காட்டு. இல்லேன்னா பயணமே வேண்டாம்.”

சாக்கு நிறைய ஸ்பேனர் சுமந்துகொண்டு போக முடியாது. பையில் அடங்குகிற ஒரே சாமான் எல்லா வேலைக்கும் ஆக வேண்டும். அதை வாங்கத்தான் அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் பெரிய கடைவீதிக்குப் போனோம். அவர்கள் குதிரை வண்டியில், நான் சைக்கிளில்.

கடையில் கேள்வி கேட்டதெல்லாம் நான். பதில் போனதெல்லாம் சித்தப்பாவுக்கு. யாரோ ஓட்டிய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனதைத் தவிர அவருக்குச் சைக்கிளோடு வேறு சம்பந்தமில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

“பாப்பாவுக்கு இத வாங்கிக் குடுங்க. சீமைச் சரக்கு” என்று கடைக்காரர் பளபளவென்று ஒரு மடக்குக் கத்தியை விரித்தார். கத்தி, ரம்பம், ஊசி, கொக்கி, சுருள் கம்பி என்று வந்துகொண்டே இருந்தது.

சித்தப்பா சொக்கிப்போனார். “சுருள் கம்பி எதுக்குத் தெரியுமா? டியூப்ல முள்ளு குத்தினா சுத்தி எடுக்க.”

நான் அட்டைப் பெட்டியின் மேலிருந்த இங்கிலீஷைப் படித்தேன். “இல்ல சித்தப்பா. புட்டித் தக்கை புடுங்க. பிராந்திப் புட்டி. கொக்கி, குதிரைக் குளம்புல சிக்கின கல்ல எடுக்க.”

“அப்ப வண்டியில நிக்குற குதிரைக்கு வாங்கிக் குடு” என்றார் அப்பா.

அடுத்து, நாய் கடிக்கும் எலும்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு வந்தது. இரண்டு முனையிலும் நட்டைக் கவ்வப் பல அளவில் கண்கள். அழகு கொஞ்சமும் இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

“சைக்கிள்ல வச்சுப் பாத்துட்டு எடுத்துக்கறேன்” என்றேன்.

“அதெல்லாம் வழக்கமில்லீங்க. எல்லா வண்டிக்கும் சேரும்.” இதையும் சித்தப்பாவிடம்தான் சொன்னார்.

“வளையல் கடையில எல்லாக் கைக்கும் சேரும்னு கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பாங்களா? என் சைக்கிள் வாசல்ல நிக்குது. அதோட கையப் பாத்து எடுத்துக் குடுங்க.”

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றுக்கும் சேரும் என்ற அந்த எலும்பு, பின் சக்கரத்து நட்டின் மேல் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. பார்வைக்கு அதே மாதிரியிருந்த இன்னொன்று கச்சிதமாகக் கவ்விக்கொண்டது. கவ்விய கையோடு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடை வாசலிலேயே சைக்கிளைக் கவிழ்த்தேன். கூட்டம் கூடியது. ஒரு பெரிய மனிதர், “விடும்மா, நான் பண்றேன்” என்று குனிந்தார். அப்பா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். கை நழுவி விரல் முட்டியில் தோல் உரிந்தது. சக்கரம் கழன்றது. திரும்ப மாட்டியபோது செயின் தொங்கியது. நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முடுக்கினேன். சுற்றிவிட்டேன்; சுற்றியது.

அப்பா பாராட்டவில்லை. “வழிக்குப் புளிசோறா, தயிர்சோறா?” என்று மட்டும் கேட்டார்.

வையம்பட்டிக்குப் போய்த் திரும்பினோம். வழியில் சீட்டு நட்டு தளர்ந்ததை நானே முடுக்கினேன். சித்தப்பா தன் காசில் அந்தச் சீமைக் கத்தியை வாங்கிவிட்டார்; அதில் மாம்பழம் நறுக்குகிறார்.

“ஏதோ அதிர்ஷ்டம், போயிட்டு வந்துட்டே. மதுரைக்கெல்லாம் முடியுமா?” என்று போன வாரம் அதே கத்தியை நீட்டிக் கேட்டார்.

லீவுக்குத் தலைமையாசிரியையின் சம்மதம் வாங்கியாகிவிட்டது. நேற்று இரண்டு டயரும் புதிதாக மாட்டினேன்.